கதையைக் கேட்பதற்கு முன்

சுனாமிக்குப் பிந்தைய மாதங்களை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை நாம். 2004 டிசம்பர் 26 காலை வந்த அலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்டுபோனது. அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். அடுத்த சில வாரங்களில் அரிசி மூட்டை, தார்ப்பாய், பாத்திரம், பழைய துணி என்று லாரி லாரியாக வந்திறங்கியவற்றோடு கவுன்சலிங்கும் வந்திறங்கியது. இங்கேயும் சரி, இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் சரி, உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டவருமாகப் பல குழுக்கள் முகாம்களுக்குள் போயின. குழந்தைகள் கையில் கலர் பென்சிலைக் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். ஒரு குழு கிளம்பியதும் இன்னொரு குழு வந்து அதே அலையை மறுபடி வரையச் சொன்னது. அவர்களுடைய நல்லெண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று அவர்கள் நம்பினார்கள், நாமும் நம்பினோம். அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. மீதிப் பாதி ஆளைக் காயப்படுத்தக்கூடியது. இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் மனக்காயத்துக்குச் சிகிச்சை தேடுகிறவர் அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகாம்களின் காலம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஏனென்றால் இப்படிப் பேசவைப்பது பற்றி, அலை வருவதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டிருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஜோனதன் பிஸ்ஸன் என்ற மனநல மருத்துவர் தீக்காயம் பட்டு மருத்துவமனையில் கிடந்தவர்களிடம் நடத்திய ஆய்வை 1997இல் வெளியிட்டார். ஒரு பகுதியினரிடம் நடந்ததை முழுதாகச் சொல்லவைக்கும் ஒரே ஒரு அமர்வு நடந்தது. மற்றவர்களிடம் அது நடக்கவில்லை. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதத்தினரிடம்தான். தொடக்கத்திலேயே முதல் குழுவினரின் நிலை சற்று மோசமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அதையொத்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்து அலசிய காக்ரேன் மதிப்பாய்வும், சம்பவம் நடந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைப்பதால் நோய் தடுக்கப்படுவதில்லை என்ற முடிவுக்கே வந்தது. 2007இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பேரிடர்க் கால மனநல வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது அந்த முறை வேண்டாம் என்றே எழுதினார்கள். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இன்னும் எளிமையாகச் சொன்னது: பக்கத்தில் இருங்கள், சாப்பாடும் தண்ணீரும் கிடைக்கிறதா என்று பாருங்கள், சொந்தக்காரர்களோடு சேர்த்துவையுங்கள், அவர் பேச விரும்பினால் கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

மனக்காயத்தை உணர்ந்து நடக்கும் சிகிச்சையிலிருந்து ஒருவர் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இந்த ‘வற்புறுத்தாதீர்கள்’ என்பதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தன் கதையைக் கேட்க ஆள் கிடைப்பது அதற்குப் பிறகு வருவது. காரணம், காயம் பட்ட விதத்திலேயே இருக்கிறது. வெள்ளம், விபத்து, அடி, பாலியல் வன்முறை, குண்டுவீச்சு எதுவானாலும், அந்த நேரத்தில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் அந்த மனிதரிடம் இல்லை. சிகிச்சை என்ற பெயரில் இன்னொருவர் வந்து, அவர் தயாராவதற்கு முன்பே கதையைப் பிடுங்கினால் அந்த அதிகாரம் இரண்டாவது முறையும் பறிபோகிறது. ஹார்வர்டு மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்தலும் துக்கமும், பிறகு மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மறுபடி ஒட்டுவது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் போராட்டத்தால் 1980இல்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம் கிடைத்தது என்பதையும், அதே அறிகுறிகள் வீட்டுக்குள் அடிபட்ட பெண்களிடமும் இருப்பதை ஹெர்மன் போன்றவர்கள்தான் அழுத்தமாகச் சொன்னார்கள் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கிறேன். 2014இல் அமெரிக்க அரசின் மனநல நிறுவனம் இத்தகைய அணுகுமுறைக்கு வகுத்த கொள்கைகளிலும் முதலிடம் பாதுகாப்புக்குத்தான். நம்பகம், சேர்ந்து முடிவெடுப்பது, தேர்வு செய்யும் உரிமை எல்லாம் அதையொட்டி வருகின்றன.

இது ஆன்லைனில் எப்படி இருக்கும்? ஒழுங்காகச் செய்யப்படும் முதல் அமர்வின் முதல் பத்து நிமிடத்தைக் கவனித்தாலே போதும். ‘உங்களுக்கு என்ன நடந்தது?’ என்று அது ஆரம்பிக்காது. ‘இப்போ எங்க இருக்கீங்க? கதவு சாத்தியிருக்கா? பக்கத்து ரூம்ல யாராவது இருக்காங்களா? லைன் கட்டானா எந்த நம்பருக்குக் கூப்பிடட்டும்? ரொம்ப முடியாமப் போனா உங்களுக்காக நான் யாருக்கு போன் பண்ணலாம்?’ என்று ஆரம்பிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது உள்ளே வந்துவிட்டால் சட்டென்று மாற்றிப் பேச ஒரு சாதாரண விஷயத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள், ஆபீஸ் வேலையோ குழந்தையின் டியூஷனோ. வீடியோவை அணைத்துவிட்டுப் பேசலாமா, நடுவில் நிறுத்தலாமா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். பிறகு, நினைவு பொங்கி வரும்போது நிகழ்காலத்துக்குத் திரும்பும் வழியைப் பழக்குவார். பாதத்தைத் தரையில் அழுத்தி, தரை சில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள்: காலண்டர், கொடியில் காயும் துண்டு, சுவர்க் கடிகாரம், தண்ணீர்ச் சொம்பு, ஜன்னல் கம்பி. பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஆபத்து இன்னும் முடியவில்லை என்று அலறிக்கொண்டிருக்கும் உடம்புக்கு, இது வேறு நாள், இது வேறு இடம் என்று தெரியப்படுத்த இதைவிட எளிய வழி இல்லை. இந்தப் பயிற்சிகளைத் தன் அறையில், தன் நாற்காலியில் உட்கார்ந்தே கற்றுக்கொள்வதில் ஒரு வசதியும் இருக்கிறது. ராத்திரி தூக்கம் கலைந்து எழும்போது அவர் இருக்கப்போவதும் அதே அறையில்தானே.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி எழும். இப்படிப் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டே போனால் காயத்தைத் தொடுவது எப்போது? மாதக்கணக்கில் மூச்சுப் பயிற்சிக்குக் காசு கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். ஆய்வுகளில் உறுதியான பலன் காட்டியிருப்பவை, கடைசியில் அந்த நினைவைத் தொட்டு வேலை செய்யும் சிகிச்சைகள்தான். 2013இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தவையும் அவைதான்: மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளோடு நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறை. தயார்ப்படுத்தும் காலம் இவ்வளவு நீளமாக வேண்டுமா என்று துறைக்குள்ளேயே விவாதம் நடக்கிறது. சிலருக்கு ஓரிரு அமர்வே போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கதையைத் தள்ளிப்போடுவதே நல்ல சிகிச்சையின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த வாரத்திலிருந்து அந்த நினைவுக்குள் போகப்போகிறோம், எந்த முறையில், பலன் தெரிகிறதா என்பதை எப்படி அளக்கப்போகிறோம் என்று கேட்டால் தெரபிஸ்டிடம் பதில் இருக்க வேண்டும். முகாமில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கதவைத் திறக்கும் நேரத்தைக் கதைக்குச் சொந்தக்காரரே முடிவு செய்கிறார் என்பதில் இருக்கிறது.

முழுமையான சிகிச்சை, ஹோலிஸ்டிக் தெரபி என்றெல்லாம் விளம்பரத்தில் வரும் சொற்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். உடம்பு, தூக்கம், உறவு, நம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. அதற்குத் தமிழிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி மனிதரின் மனக்காயத்தோடு நிறுத்தாமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்துபோவதைப் பற்றி எழுதினார். மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி, அவரவர் சமயத்தில் பழகிய மந்திரத்தையோ செபத்தையோ திரும்பத் திரும்பச் சொல்வது, சடங்குகளை மறுபடி நடத்துவது எல்லாவற்றையும் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டார். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு இலங்கையின் ஒரு முகாமில் போரையும் அலையையும் கண்ட 31 குழந்தைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது, 2009இல் வெளியானது. ஒரு பாதிக் குழந்தைகள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களின் துணையோடு தங்கள் வாழ்க்கைக் கதையை ஆறு அமர்வுகளில் சிறிது சிறிதாகச் சொன்னார்கள். மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதம் பேரும், இரண்டாவதில் 71 சதவீதம் பேரும் மீண்டிருந்தார்கள். எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது குழு அதில் இல்லை. காலம் தானாக ஆற்றியது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. அப்படியிருந்தும் அந்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவசரமில்லாமல், தெரிந்த மொழியில், திட்டத்தோடு சொல்லவைக்கப்பட்டவர்களும் மீண்டார்கள். சொல்லவைக்கப்படாமல் உடம்பை அமைதிப்படுத்தப் பழகியவர்களும் மீண்டார்கள். அமெரிக்காவில் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத 64 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட யோகா ஆய்விலும், யோகா செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

ஆனால் அதே பெயரில் கடை விரிப்பவர்களும் ஏராளம். மூன்றே நாளில் சிறுவயதுக் காயத்தைக் கழுவிவிடுகிறேன் என்பவர், மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வா என்பவர், உனக்கே ஞாபகமில்லாத ஒரு கொடுமை உனக்குள் புதைந்திருக்கிறது, நான் தோண்டி எடுக்கிறேன் என்பவர். இந்தக் கடைசி வகை மிக ஆபத்தானது. 1990களில் அமெரிக்காவில் இப்படித் ‘தோண்டி எடுத்த’ நினைவுகளால் குடும்பங்கள் சிதைந்தன, வழக்குகள் நடந்தன. இல்லாத நினைவை ஒருவர் மனதில் விதைக்க முடியும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டின. தியானமும் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் ஒத்துவராது. கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று சொன்னவுடனே, இருட்டில் தாக்கப்பட்ட ஒருவருக்கு அந்த இருட்டு திரும்பி வரலாம். கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று சொல்லத் தெரிந்தவரிடம் போவதுதான் நல்லது.

திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு மனக்காயத்தை ஆற்ற முடியுமா என்று கேட்பவர்கள் பலர். கண்ணீரைத் துடைக்கக் கை நீள வேண்டாமா, கால் நடுங்குவது கேமராவில் தெரியுமா என்கிறார்கள். நடுங்கும் கால் தெரியாது என்பது உண்மைதான். நல்ல தெரபிஸ்ட் அதை வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார். சான்றுகள் என்ன சொல்கின்றன? தீக்காயம் பட்டவர்களிடம் எச்சரிக்கையான அந்த ஆய்வைச் செய்த அதே பிஸ்ஸன், கால் நூற்றாண்டு கழித்து 2022இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். ஒரே ஒரு சம்பவத்தால் மிதமான பாதிப்புக்கு ஆளான 196 பேர். பாதிப் பேர் நேரில் சிகிச்சை பெற்றார்கள். பாதிப் பேர் ஒரு தெரபிஸ்டின் சுருக்கமான துணையோடு இணைய வழிப் பாடத்தைப் பின்பற்றினார்கள். 16 வாரத்தில் இணைய வழிச் சிகிச்சை நேரடிச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. ஓராண்டு முடிவில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆலோசகர்கள் எளிதில் போய்ச் சேர முடியாத ஈராக்கை மையமாக வைத்து, அரபு மொழியில் எழுத்து வழியாக இணையத்தில் நடத்திய சிகிச்சையின் ஆய்வு 2015இல் வந்தது. கணிசமானோர் நடுவிலேயே விலகினாலும், முடித்தவர்களில் பலர் நன்றாகவே மீண்டார்கள். இந்த ஆய்வுகளில் எனக்குத் தெரிவது இதுதான். மிதமான பாதிப்புக்கு, சம்பவம் முடிந்துபோனவர்களுக்கு, திரை போதும். தற்கொலை எண்ணம் முற்றியவர்களுக்கும், பேசப் பேச தன்னையே மறந்து உறைந்துபோகிறவர்களுக்கும், அடிக்கிற ஆளோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் திரை மட்டும் போதாது. இவர்களை நேரில் வரச் சொல்லாத ஆன்லைன் சேவை தன் எல்லையை அறியாதது.

நமக்குக் கோயில் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, இந்த வெள்ளைக்கார வைத்தியம் எதற்கு என்கிற குரலையும் நான் மதிக்கிறேன். பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெரபியும் இல்லாமலே மீள்கிறார்கள். அவர்களை மீட்பது பெரும்பாலும் உறவும் ஊரும் வழிபாடும்தான். ஆனால் காயத்தைக் கொடுத்தவர் அந்த உறவுக்குள்ளேயே இருந்தால்? மாமாவோ கணவரோ வாத்தியாரோ ஆக இருந்தால்? ஊரில் இருக்கும் ஒரே டாக்டர் அப்பாவின் சிநேகிதராக இருந்தால்? அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு வேறு ஊரில் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு குரல் பெரிய வரம். ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும் வெளியாகி அந்த வழி அகலமாகத் திறந்தது. அதே மாதங்களில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு படுக்கையறை வீட்டில் ஆறு பேர், எல்லோருக்குமாக ஒரு போன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று கிசுகிசுப்பவரிடம் பாதுகாப்பைப் பற்றி என்ன பேசுவது?

இதற்கு ஒரு விடை நம் மாநிலத்திலேயே வெகு முன்னால் செய்து காட்டப்பட்டது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஆலோசனைக்கு ஓர் அறை, திரை, பக்கத்தில் மருந்தகம்; சென்னையில் இருக்கும் மருத்துவர் திரையில் பேசுவார். அது தீவிர மனநோய்க்காரர்களுக்கான திட்டம், மனக்காயத்துக்கானது இல்லை. ஆனால் தொலைவழிச் சிகிச்சை தர வேண்டும் என்றால் இணைய இணைப்போடு நான்கு சுவரையும் ஒரு கதவையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதை அந்தப் பேருந்தைத் திட்டமிட்டவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். போனில் ஒரு செயலியை இறக்கினால் போதும் என்று விற்கிற நிறுவனங்கள் இதைப் புரிந்துகொள்ளவில்லை.

தேடுபவருக்கு நடைமுறையாகச் சில சொல்கிறேன். மருந்து எழுதித் தரும் உரிமை மனநல மருத்துவர் உள்ளிட்ட மருத்துவர்களுக்குத்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். கவுன்சிலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலைதான் இங்கே நெடுநாளாக இருந்துவருகிறது. எதெல்லாம் ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்பதை முதல் நாளே சொல்லாதவரை நம்ப வேண்டாம்: குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012இன் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், உயிருக்கு ஆபத்தென்றாலும் ரகசியம் காக்க முடியாது. அமர்வைப் பதிவு செய்கிறார்களா, குறிப்புகள் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். முதல் நாளிலேயே எல்லாவற்றையும் சொல் என்று நெருக்குபவரை விட்டு விலகுவதில் தவறே இல்லை. நகரங்களில் ஒரு அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் கேட்பது சாதாரணம். அது முடியாதவர்களுக்கு 2022 அக்டோபர் முதல் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் பகலிலும் இரவிலும், தமிழிலும், கட்டணமில்லாமல் பேசலாம். அது முழுச் சிகிச்சையாகிவிடாது, சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முதல் படி.

2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிட்டவில்லை. அந்த இடைவெளியை ஆன்லைன் வழி ஓரளவு குறைக்கும் என்றே நம்புகிறேன். அதற்கு அரசு செய்ய வேண்டியது ஒன்றுண்டு: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை, ஒரு திரை, ஒரு ஹெட்போன், வாசலில் ‘டோக்கன் எதுக்கு?’ என்று விசாரிக்காத ஒரு நர்ஸ். வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. உங்கள் வீட்டில் யாராவது வாரத்துக்கு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேச வேண்டும் என்று கேட்டால், யாரிடம், எதற்கு என்று கேட்காதீர்கள். டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.